நோட்ஸ் கொடுக்காமல் வேதம் படிப்பிப்பது எப்படி? கம்பஸ் மாணவர்களோடு ரூத் புத்தகம்: ஒரு முழுமையான வழிகாட்டி

வந்தாறுமூலைப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் கம்பஸ் மாணவர்களோடு வேதம் படிக்கத் தொடங்கியபோது, முதல் இரண்டு வருடமும் நான் நல்லதொரு டியூசன் வாத்தியாராக இருந்தேன். ஒரு தலைப்பு, மூன்று குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒத்த வசனம். பிள்ளைகள் அழகான கையெழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். பட்டம் முடித்து வேலைக்குப் போன ஒரு தம்பி பிறகு ஒருநாள் போன் எடுத்தார். "அண்ணா, இந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று சேர்ச்சில கேக்கிறாங்க. உங்கட நோட்ஸ்ல தேடிப் பார்த்தன், அது இல்ல."

பிழை அவருடையதல்ல. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் வரைக்கும் விடையை எழுதித்தந்து வளர்த்த பிள்ளையிடம் நானும் விடையைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். வேதத்தைத் திறந்து தானே பார்க்கலாம் என்ற துணிவை அவருக்கு நான் கொடுக்கவேயில்லை. அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஏழெட்டு மாணவர்களை வைத்து இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக, எட்டு வாரம் ரூத் புத்தகத்தை எப்படிக் கொண்டுபோவது என்று இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன்

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நேரம் 90 நிமிடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வைக்காதீர்கள். திருக்கோவில், பொத்துவில் பிள்ளைகள் அந்நேரம் பஸ்ஸில் இருப்பார்கள்.

ஏன் ரூத்? 4 அதிகாரம், 85 வசனம்; ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், அது அறுவடைக் கதை. பஞ்சத்தில் மோவாப் நாட்டுக்குப் போய்க் கணவனையும் இரண்டு மகன்மாரையும் இழந்த நகோமி, மோவாபிய மருமகள் ரூத்தோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள்; கதிர் பொறுக்கப் போன ரூத்தை, வயல்காரரும் உறவினருமான போவாஸ் கடைசியில் மணக்கிறார். தை, மாசியில் பெரும்போக வெட்டு நடக்கும்போது படித்தால், வரும் வழியில் பார்த்த வட்டையும் (வயல்வெளியும்) கையிலிருக்கும் தாளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

நீங்கள் செய்யவேண்டிய ஒரே கைவேலை, நான்கு அதிகாரத்தையும் வசன எண்ணோ இடைத்தலைப்போ இல்லாமல் தட்டச்சு செய்து, ஓரத்தில் தாராளமாக வெற்றிடம் விட்டு போட்டோகொப்பி எடுப்பது. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பாவிக்கும் வசன எண்கள் 1551இல் அச்சான ஒரு பதிப்பிலிருந்து வந்தவை. எழுதியவர்கள் அப்படித் துண்டு துண்டாக எழுதவில்லை. எண்ணை எடுத்துவிட்டால் பிள்ளைகள் வசனம் பொறுக்குவதை விட்டுவிட்டுக் கதையை வாசிப்பார்கள். பேசும்போது இடம் சொல்ல எண்கள் வேண்டும். அதற்கு ஒவ்வொருவர் மடியிலும் முழு வேதாகமம் இருக்கட்டும்.

பிறகு ஒரு கட்டுப்பாடு: ஆறாம் வாரம் முடியும்வரை விளக்கவுரையும் இல்லை, யூடியூப் பிரசங்கமும் இல்லை. போதகர்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. வினாத்தாளைப் பார்க்குமுன் விடைத்தாளைப் பார்க்கிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு, அவ்வளவுதான்.

முதல் வாரம்: உரக்க ஒரு வாசிப்பு

முழுப் புத்தகத்தையும் மாறி மாறி உரக்க வாசியுங்கள். 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நிறுத்தி விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வாசித்து முடிந்ததும் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதையைத் தங்கள் சொந்த வார்த்தையில் ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்லவிடுங்கள். யார் எதை விட்டார், எதைக் கூட்டினார் என்று மற்றவர்கள் பிடிப்பார்கள். "ரூத் நல்ல வடிவான பெண்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். புத்தகத்தில் எங்கேயும் அப்படி இல்லை. அந்த இடத்தில் திருத்தாதீர்கள், "அது எந்த வரியில இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். எட்டு வாரமும் உங்கள் கையிலிருக்கும் முக்கியமான கருவி இந்தக் கேள்விதான். சரியான பதிலுக்கும் இதையே கேளுங்கள். பிழையான பதிலுக்கு மட்டும் கேட்டால், இரண்டாம் வாரத்திலேயே உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: கண்ணால் படிப்பது

இங்கேதான் நேரம் போகவேண்டும், நானும் இதில்தான் அதிகம் சொல்லப்போகிறேன். பொருள் என்ன என்று கேட்பதை முற்றாக ஒதுக்கிவைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பது. முதல் அதிகாரத்தைக் கொடுத்து, 15 நிமிடம் யாரும் பேசாமல் 20 கவனிப்புகள் எழுதச் சொல்லுங்கள். ஏழாவதோடு பேனா நின்றுவிடும். "முடிஞ்சுது அண்ணா" என்பார்கள். முடியவில்லை என்று சொல்லி உட்காரவிடுங்கள். நல்லவை பன்னிரண்டுக்குப் பிறகுதான் வரும்.

என்ன தேடுவது என்று கொஞ்சம் வழிகாட்டலாம். யார், எங்கே, எப்போது. திரும்பத் திரும்ப வரும் சொல். "ஆனால்", "ஆகையால்", "அப்பொழுது" போன்ற இணைப்புகள். யார் பேசுகிறார், யார் பேசாமலேயே இருக்கிறார். சிவப்புப் பென்சிலால் "திரும்பி" என்ற சொல் முதல் அதிகாரத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். தாள் சிவந்துபோகும். போவதா திரும்புவதா என்பதில்தான் அந்த அதிகாரமே நிற்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மோவாப் என்ற நாட்டுப்பெயருக்கு நீலப் பென்சில். அப்போது இன்னொன்று தெரியவரும். ரூத் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்த பிறகும் எழுத்தாளர் அவளை மோவாபியப் பெண் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்: 1:22, 2:2, 2:6, 2:21, 4:5, 4:10. வந்து இத்தனை நாளாகியும் ஏன் அந்த ஒட்டு விழவில்லை? ஒரு வருடம் நாவிதன்வெளிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "எங்கட ஊர்லயும் வேற ஊரால வந்த ஆக்கள இருவது வருசம் கழிச்சும் அந்த ஊர்ப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்த எந்த நோட்ஸிலும் அது இருந்ததில்லை.

கடவுள் என்ன செய்தார் என்று கதைசொல்லி நேரடியாகச் சொல்லும் இடங்களையும் தேடவிடுங்கள். பாத்திரங்கள் கர்த்தரின் பெயரைப் பல தடவை சொல்கிறார்கள்: வாழ்த்தாக, முறைப்பாடாக, சத்தியமாக. ஆனால் கர்த்தர் இதைச் செய்தார் என்ற செய்தி வருவது இரண்டே இடத்தில்: 1:6இல் தம் ஜனங்களுக்கு ஆகாரம் கொடுத்ததாக நகோமி கேள்விப்படுவது, 4:13இல் ரூத் கர்ப்பந்தரிப்பது. ஒன்று சோறு, மற்றது பிள்ளை. இடையில் முழுக்க மனிதர்கள் நடக்கிறார்கள், பொறுக்குகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். இதைக் கண்ட குழுவுக்கு அதன்பிறகு யாரும் உற்சாகம் ஊட்டத் தேவையில்லை.

நான்காம் வாரம்: மூன்று நிரல்

ஒரு வெள்ளைத்தாளை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில், எழுதியிருப்பது. இரண்டாவதில், எழுதியிருப்பதிலிருந்து ஊகிக்கக்கூடியது. மூன்றாவதில், நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

போவாஸ் வயது கூடியவர் என்பது எதில் விழும்? 3:10இல், வாலிபர்களின் பின்னே போகாமல் இருந்ததற்காக அவர் ரூத்தைப் பாராட்டுகிறார், ஆகவே இரண்டாவது. அவருக்கு 80 வயது என்று யாராவது சொன்னால் அது மூன்றாவது. நகோமியின் மற்ற மருமகள் ஒர்பாள் கெட்டவள் என்பது? பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள், ஞாயிறு பாடசாலையில் கேட்ட கதை. ஆனால் திரும்பிப் போகச் சொன்னதே நகோமிதான். ஒர்பாள் அழுதாள், மாமியை முத்தமிட்டாள், சொன்னதைச் செய்தாள். கதைசொல்லி அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

கொஞ்சம் சூடு பிடிக்கும் கேள்வி, நகோமியின் கணவன் எலிமெலேக்கு மோவாபுக்குப் போனது பாவமா என்பது. பல பிரசங்கங்கள் ஆம் என்கின்றன. புத்தகமோ, பஞ்சம் வந்தது, போனார்கள், செத்தார்கள் என்று சொல்லிவிட்டு நகர்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள். உங்கள் முன்னால் இருப்பவர்களின் தகப்பனோ மாமாவோ கட்டாருக்கோ குவைத்துக்கோ போனவராக இருக்கலாம். போருக்குள் இடம்பெயர்ந்து போன இடத்தில் ஆளை இழந்த வீடும் இருக்கலாம். ஊரைவிட்டுப் போனதால்தான் சாவு வந்தது என்பதை மூன்றாவது நிரலிலிருந்து எடுத்து முதலாவதில் எழுதினால், அது யாருடைய வீட்டு வாசலில் போய் விழும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

ஐந்தாம் வாரம்: தமிழ்ச் சொல்லே தடுக்கிவிடும் இடங்கள்

எங்கள் பெரும்பாலான சபைகளில் வாசிக்கும் மொழிபெயர்ப்பின் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். அதன் அடித்தளம் 1871இல் வந்த ஒன்றிய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். நல்லது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே பந்தியை வாசியுங்கள். எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தில் கோடு போடுங்கள். பெரும்பாலும் மூலச்சொல் கனமாக இருக்கும் இடம் அதுதான்.

போவாஸைக் குறிக்கும் "சுதந்தரவாளி" என்ற சொல்லை எடுங்கள். என்ன விளங்குகிறது என்று கேட்டால், பெப்ரவரி 4 ஞாபகத்தில் "விடுதலை பெற்ற ஆள்" என்பார்கள். அந்தப் பழைய தமிழில் சுதந்தரம் என்றால் பரம்பரைச் சொத்துரிமை. சுதந்தரவாளி என்பவர், கைவிட்டுப்போகும் உறவினரின் காணியை மீட்கும் உரிமையும் கடமையும் உள்ள நெருங்கிய இனத்தவர். லேவியராகமம் 25:25ஐ வாசித்தால் வெளிக்கும். இந்த ஒரு சொல் விளங்காவிட்டால் நான்காம் அதிகாரம் முழுவதும் செருப்பைக் கழற்றிக் கொடுக்கும் வேடிக்கையாகவே போய்விடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. 2:12இல் போவாஸ், கர்த்தருடைய "செட்டைகளின்கீழ்" அடைக்கலமாய் வந்தவளே என்று ரூத்தை வாழ்த்துகிறார். 3:9இல் ரூத், உம்முடைய "போர்வையை" என்மேல் விரியும் என்கிறாள். தமிழில் செட்டை வேறு, போர்வை வேறு. எபிரெயத்தில் இரண்டுக்கும் கானாப் என்ற ஒரே சொல். சிறகுக்கும் வரும், உடுப்பின் ஓரத்துக்கும் வரும். "கடவுளின் சிறகு என்று வாழ்த்தினீரே, இப்போது உம்முடைய சிறகை விரியும்" என்று அவருடைய வாழ்த்தையே அவர் கையில் திருப்பிக் கொடுக்கிறாள். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் ஒன்று நொண்டும். எபிரெயம் தெரியாத மாணவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? மூலச்சொல் காட்டும் இலவச வேதாகமச் செயலிகள் இருக்கின்றன. ஒரு நாள் போனில் எல்லாருக்கும் காட்டிக் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் தோண்டத் தொடங்கினால் கதை செத்துவிடும். வாரத்துக்கு ஒரு சொல், அதற்குமேல் வேண்டாம்.

(மொழிபெயர்ப்பு என்றதும் மாணவர்கள் வாயைப் பிளக்கும் ஒரு செய்தி: யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் தமிழ் உதவி செய்தவர் சைவத்துக்காக வாழ்ந்த ஆறுமுக நாவலர்.)

ஆறாம் வாரம்: எங்கள் ஊர் உதவும் இடமும் ஏமாற்றும் இடமும்

இரண்டாம் அதிகாரத்தை மட்டக்களப்பான் வாசித்தால் படம் ஓடும். போவாஸ் என்றால் போடியார், நிறைய வயல் வைத்திருக்கும் பெரிய காணிக்காரர். ஊரிலிருந்து வயலுக்கு வந்து வெட்டுகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறார். அறுக்கிறவர்களுக்கு மேலாக நிற்கும் ஆளை முல்லைக்காரராக நினைத்துக்கொள்ளலாம். மூன்றாம் அதிகாரத்தில் போவாஸ் தானியக் குவியலின் அருகே படுப்பதும் விளக்கம் தேவையில்லாத ஒன்று. களவெட்டியில் (கதிரடிக்கும் களத்தில்) வெட்டின கதிரைச் சூடாகக் குவித்துப் போட்டிருக்கும்போது வீட்டில் போய்ப் படுக்க யாருக்கு மனம் வரும்? இன்றைய பிள்ளைகள் அறுவடை மெஷினைத்தான் பார்த்திருப்பார்கள். அதனால் ஒரு வீட்டுவேலை கொடுங்கள்: அம்மப்பாவிடமோ பக்கத்து வீட்டு வயதானவரிடமோ போய், சூடடிப்புக் காலத்தில் கதிர் பொறுக்க யார் வருவார்கள், அவர்களை எப்படி நடத்துவார்கள் என்று கேட்டு வரட்டும். கொண்டுவரும் பதில்களில் இரக்கமும் இருக்கும், விரட்டின கதையும் இருக்கும். போவாஸ் வேலையாட்களிடம் அவளைத் தொடவேண்டாம் என்று சொல்லி வைத்தது (2:9) ஏன் என்று அப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது ஏமாற்றும் இடம். 1:8இல் நகோமி மருமக்களிடம் "உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப்போங்கள்" என்கிறாள். எங்கள் பிள்ளைகள் அதைக் கவனிப்பதேயில்லை. எங்கள் பக்கம் வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் போவதென்றால் தாய்வீட்டுக்கு இல்லாமல் எங்கே போவாள்? ஆனால் அந்தக் கதையின் உலகத்தில் காணியும் பெயரும் ஆண்வழியில் போகின்றன. ஆதியாகமம் 38:11இல் விதவையான தாமாரைத் தகப்பன் வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். ரூத் புத்தகத்தில் "தாய்வீடு" என்று வருவது அந்நாளில் கேட்டவரை நிமிர்ந்து உட்காரவைத்திருக்கலாம். எங்களுக்கு அது வெள்ளவத்தை பஸ் போல வழக்கமாகப் போய்விடுகிறது. இதே காரணத்தால் இன்னொன்றும் மங்கிவிடும்: கணவனும் இரண்டு மகன்மாரும் போன பிறகு நகோமிக்கு நிற்க நிலமில்லாத பயம். சீதன வீடு உள்ள ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயத்தைக் கணக்குப் போட்டுத்தான் காட்டவேண்டும். யார் பெயரில் காணி, யார் விற்கலாம், யார் மீட்கலாம் என்று பலகையில் ஒரு குடும்பப் படம் கீறினால் பத்து நிமிடத்தில் விளங்கும்.

போவாஸுக்கும் இது பொருந்தும். போடியாரிடம் கூலிக்குப் போன குடும்பத்துப் பிள்ளைக்கு அவர்மேல் சந்தேகம் வரும். காணி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அவர் தன் பெரியப்பா மாதிரி இருப்பார். இரண்டு பேரும் தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும், மூன்றாவது நிரலில் எழுதட்டும், பிறகு தாளுக்குத் திரும்பி வரட்டும்.

ஏழாம் வாரம்: சுற்றுவட்டம்

ஒரு வசனத்துக்கு முன் பின் வரி உண்டு, புத்தகம் உண்டு, முழு வேதாகமம் உண்டு. உள்ளிருந்து வெளியே போகவேண்டும். ரூத்துக்கு வெளியே போகும்போது நான்கு இடம் போதும். தமிழ் வேதாகமத்தில் அதற்கு முந்திய பக்கத்திலேயே இருக்கும் நியாயாதிபதிகள் 21:25, அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்த காலம். வயலோரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விடச்சொல்லும் லேவியராகமம் 19:9-10. மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்னும் உபாகமம் 23:3. இயேசுவின் வம்ச அட்டவணையில் ரூத்தின் பெயர் வரும் மத்தேயு 1:5. இந்த நான்கையும் கொடுத்துவிட்டு, மூன்றாவதும் நான்காவதும் எப்படி ஒரே வேதாகமத்துக்குள் இருக்கலாம் என்று கேட்டு விடுங்கள். நான் இதற்கு 40 நிமிடம் ஒதுக்குவேன், ஒருபோதும் போதியதில்லை. விளக்கவுரை இந்த வாரம் கதவைத் திறந்துகொண்டு வரலாம். இப்போது அவர்கள் அதனோடு வாதாடுவார்கள்.

இந்த வாரத்திலேயே ஒரு சின்னப் பயிற்சி. பரீட்சைக் காலத்தில் ஹொஸ்டல் மேசைகளில் ஒட்டியிருக்கும் பிலிப்பியர் 4:13ஐ எடுங்கள்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." மேலே இரண்டு வசனம் வாசிக்கவிடுங்கள். பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். வயிறு நிறைந்தாலும் பட்டினி கிடந்தாலும் மன நிறைவாயிருக்கப் பழகினேன் என்கிறார். அந்த "எல்லாம்" பாஸாவதைப் பற்றியதல்ல. ரிப்பீட் வந்தாலும் நிற்பதைப் பற்றியது. ஒட்டியதைக் கிழிக்கச் சொல்லவேண்டாம். முன் இரண்டு வசனத்தையும் சேர்த்து எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

எட்டாம் வாரம்: வாழ்க்கைக்குக் கொண்டுவருதல்

இது சுருக்கமாக இருக்கட்டும். முந்திய ஏழும் சரியாக நடந்திருந்தால் தானாக வரும். "நான் இன்னும் அதிகமாக ஜெபிக்கவேண்டும்" போன்ற எந்தப் பகுதிக்கும் பொருந்தும் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ரூத்தைப் படித்ததால் மட்டும் வரக்கூடிய ஒன்றைச் சொல்லட்டும். மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடும் வேற்று மொழி, வேற்று ஊர் மாணவி யார்? அவரோடு சாப்பிட உட்காரும் நாள் எது?

எச்சரிக்கை ஒன்று. 1:20இல் நகோமி, என்னை மாராள் என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்கிறாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. கதைசொல்லியும் திருத்தவில்லை. இந்த மாவட்டங்களில் சுனாமியையும் போரையும் 2019 உயிர்த்த ஞாயிறையும் கடந்துவந்த வீடுகள் உண்டு. உங்கள் விறாந்தையில் ஒருவர் அந்த வசனத்தில் நின்றுவிட்டால், அடுத்த கேள்விக்குப் போகவேண்டாம். முடிவில் தாவீது பிறப்பான் என்று ஆறுதல் சொல்லி ஓடவும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் சரியாகச் செய்த ஒரே காரியம், ஏழு நாள் பேசாமல் கூட இருந்தது.

ஒப்படைத்தல்

நான்காம் வாரத்திலிருந்தே ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் நடத்தட்டும். முதல்நாள் அவரோடு அரை மணித்தியாலம் இருந்து, அவர் எழுதிவந்த கேள்விகளைப் பாருங்கள். "ஓம்", "இல்லை" என்று முடிகிற கேள்விகளை வெட்டுங்கள். விடை உள்ளேயே ஒளிந்திருக்கும் கேள்விகளையும் வெட்டுங்கள். ஐந்து மிஞ்சினால் போதும். கூட்டத்தில் நீங்கள் பின்னால், முடிந்தால் கதவுப்பக்கம் உட்காருங்கள். நடத்துகிறவரின் கண் உங்களைத் தேடும், தாளைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிழையான முடிவுக்குப் போனால்? பெரும்பாலும் இன்னொரு மாணவர் "அது எந்த வரியில இருக்கு?" என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அப்படியும் தீராவிட்டால் அடுத்த வாரத்துக்கு விடுங்கள். ஒரு வாரம் பிழையோடு இருந்து தாங்களாகக் கண்டுபிடித்த குழு, நான் உடனே திருத்திய குழுவைவிட நன்றாக வாசித்தது.

கடைசிச் சோதனையாக, எந்த ஆயத்தமும் இல்லாமல் யோனாவின் நான்காம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். கேள்வியோடு முடியும் புத்தகம் அது: இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கடவுள் யோனாவிடம் கேட்கிறார். அதற்கு யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. போன வருடம் உள்ளேயிருந்து ஒரு தங்கச்சி எட்டிப் பார்த்துக் கேட்டார், "அண்ணா, அவன் என்ன சொன்னான்?" எந்த வரியில இருக்கு என்று கேட்டேன். முறைத்துவிட்டு உள்ளே போனார். ஒன்பதரை மணி வரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.